வெள்ளிக்கிழமைக்கான அனுமதி

கவுன்சில் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் விசாரணை அறை இருந்தது. லாட வடிவில் ஒரு பெரிய மேசை, அதன் வளைவில் மூன்று உயரமான நாற்காலிகள், எதிரே பொதுமக்களுக்கு நாற்பது சிறிய நாற்காலிகள். காலை எட்டரைக்குள் அவற்றை வரிசைப்படுத்தி, தண்ணீர்ச் சாடிகளை நிரப்பி வைக்க வேண்டும். பத்தரைக்குத் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தொண்ணூறுகளில் ஐந்து வருடம் இது என் வேலையாக இருந்தது.

மற்ற மாடிகளைக் கூட்டித் துடைக்கும்போது அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. இந்த அறை அப்படி விடவில்லை. ஒருவர் தன் வீட்டுக்குப் பின்னால் இன்னொரு வீடு கட்ட வேண்டும் என்று கேட்பார். அயல்வீட்டுக்காரர் கூடாது என்பார். இன்னொருவர் மரம் வெட்டக் கேட்பார், வேறொருவர் தெருமூலைக் கடையின் கூரையை உயர்த்தக் கேட்பார். ஊர் மக்கள் வாக்களித்துத் தெரிந்தெடுத்த மூன்று பேர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். நடுவில் இருப்பவர் குழுவின் தலைவி. எழுபதை நெருங்கிய அம்மா. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எல்லோரும் பேசி முடித்ததும், "நன்றி, இனி நாங்கள் யோசிக்க வேண்டும்" என்பார். எல்லோரும் வெளியே. நானும் வண்டியோடு வெளியே. கதவு மூடப்படும். சில கிழமைகள் கழித்து, ஆம் அல்லது இல்லை என்று பல பக்கக் கடிதம் ஒன்று போகும். மூடிய கதவுக்குப் பின்னால் அவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது எனக்குத் தீராத கேள்வி.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. என் ஆங்கிலம் வேலையிடங்களிலும் ரயிலிலும் பொறுக்கிச் சேர்த்தது. ஆனாலும் கோப்பைகளை மெதுவாக அடுக்கினால் நிறையக் கேட்கலாம் என்று கண்டுகொண்டேன். ஒருமுறை ஒரு பெண்மணி, பக்கத்தில் எழும்ப இருந்த மாடிவீட்டுக்கு எதிராக முந்நூறு கையெழுத்துகளோடு வந்தார். தலைவி மரியாதையாக வாங்கி வைத்துவிட்டு, "நிழல் உங்களுடைய எந்த ஜன்னலில் விழும்? எந்த மாதம், எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். பெண்மணிக்குத் தெரியவில்லை. அவருக்குப் பிறகு ஒரு கிழவர் தனியாக வந்தார். கையில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. தன் முற்றத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு வருடமாக எழுதி வைத்திருந்தார். மூன்று பேரும் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார்கள். சாய்ந்ததை நான் பார்த்தேன்.

இதெல்லாம் எனக்குப் பயன்படும் என்று அப்போது நினைக்கவில்லை.

அந்த வருடங்களில் என் மனைவியும் மகளும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். நான் நகரத்தின் மேற்கே மாசி என்ற புறநகரில் ஓர் அறையில் தனியாக இருந்தேன். எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. ஒருவர் சுகம் விசாரித்தால் பதில் சொல்லி முடிப்பதற்குள் கழுத்து வியர்த்துவிடும். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயிலை விட்டு இறங்குவேன். அங்கே யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரும், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் தங்கள் பழைய பலகை வீட்டின் கராஜில் சாமிப் படங்களை வைத்துப் பூசை செய்தார்கள். பத்துப் பதினைந்து குடும்பங்கள் வரும். தேவாரம் பாடுவார்கள், பிறகு சாப்பாடு. நான் பின்னால் நின்று தட்டுகளைக் கழுவுவேன். கழுவுகிறவனிடம் யாரும் கதை கேட்பதில்லை, ஆனால் சுற்றிலும் எல்லோரும் தமிழில் கதைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கிழமையில் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஒரு வருடம் பெப்ரவரியில் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. அயலவர் ஒருவர் முறையிட்டிருக்கிறார். குடியிருப்புப் பகுதியில் ஆட்கள் கூடும் இடம் நடத்த அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கும் வரை நிறுத்தி வைக்க வேண்டும்.

"எங்கடை கராஜிலை சாமி கும்பிட இவையளிட்டைக் கேட்கோணுமோ?" என்று அண்ணை கடிதத்தை மேசையில் அடித்தார்.

"அப்பிடித்தானே அதிலை கிடக்கு. கத்தாமல் என்ன செய்யிறதெண்டு பாருங்கோ," என்றார் அக்கா.

எங்களோடு பூசைக்கு வரும் மலேசியத் தங்கச்சி ஒருவர் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை செய்தார். "கோவப்படாதீங்கண்ணே. ஃபார்ம் போட்டா பார்ப்பாங்க லா. பிளான் நான் வரைஞ்சு தர்றேன்," என்றார். அவரே விண்ணப்பத்தைத் தயாரித்தார். ஆதரவாகக் கருத்து எழுதுகிறவர்களுக்கும் ஒரு படிவம் இருந்தது. நான் சொன்ன நாலு வரியை எனக்காக ஆங்கிலத்தில் நிரப்பிவிட்டு, "இங்க ஒரு டிக் போடணும். குழு முன்னாடி நேர்ல பேசுறீங்களா, இல்லையா?" என்று கேட்டார்.

அக்கா தேநீர்த் தட்டோடு பக்கத்தில் நின்றார். ஐந்து வருடம் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவர் முன்னால் 'இல்லை' என்று போட எனக்குக் கை வரவில்லை. 'ஆம்' என்பதில் போட்டேன். எத்தனையோ பேர் போட்டிருப்பார்கள், என்னைக் கூப்பிடவா போகிறார்கள் என்று ஓர் எண்ணம். பிறகுதான் தெரிந்தது, மற்ற எல்லோரும் 'இல்லை' என்று போட்டிருந்தார்கள்.

அண்ணைக்குப் படிவங்களில் நம்பிக்கை இல்லை. நகரத்தின் வடக்கே ஆல்பனியிலிருந்து மேற்கே மாசி வரை ஒரு தமிழ் வீடு விடாமல் ஏறி இறங்கிக் கையெழுத்துச் சேர்த்தார்.

"அண்ணை, அவை கையெழுத்தை எண்ணுறேல்லை," என்று ஒருநாள் துணிந்து சொன்னேன்.

"அப்ப வேறை என்னத்தை எண்ணுறவை?"

"எத்தினை கார், எத்தினை மணி, எவ்வளவு சத்தம்... அப்பிடி."

"நீர் தேத்தண்ணி ஊத்தப் போன இடத்திலை சட்டமும் படிச்சிட்டீர் போலை!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குமேல் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைகள் நின்றுபோயின. ரயில் மவுண்ட் ஆல்பர்ட்டில் நிற்கும், ஆட்கள் இறங்குவார்கள், நான் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பேன்.

விசாரணை நாளில் என் மேற்பார்வையாளர் என்னை அந்த அறை வேலையிலிருந்து விலக்கினார். நான் கருத்துச் சொல்ல வந்தவன், அன்று தேநீர் ஊற்றக் கூடாது. ஆகவே நான் எத்தனையோ முறை அடுக்கிய அந்தச் சிறிய நாற்காலிகளில் ஒன்றில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். அவை அவ்வளவு தாழ்வானவை என்று எனக்குத் தெரியாது. மேசைக்கு அப்பால் இருப்பவர்களின் தலை மட்டும்தான் தெரிந்தது.

முதலில் கவுன்சிலின் திட்ட அதிகாரி தன் அறிக்கையை வாசித்தார். நிபந்தனைகளோடு கொடுக்கலாம் என்றார். அடுத்து அண்ணை எழுந்தார். கோட் போட்டிருந்தார். நமது சமயம் எத்தனை ஆயிரம் ஆண்டு பழையது என்பதில் தொடங்கினார். தலைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு வெள்ளிக்கிழமைக்கு எத்தனை கார்கள் வரும்?" என்றார்.

"அதிகம் இல்லை."

"அதிகம் இல்லை என்றால் எத்தனை?"

"நாளைப் பொறுத்தது, மேடம்."

தலைவி ஏதோ எழுதிக்கொண்டார். யாரும் முன்னால் சாயவில்லை.

பிறகு முறையிட்ட அயலவர் வந்தார். உயரமான வெள்ளைக்காரக் கிழவர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. பாட்டு தனக்குத் தொந்தரவில்லை என்றார். தன் மனைவி சக்கர நாற்காலியில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்து ஆறரைக்கு வான் வண்டியில் வீட்டுக்கு வருவார். வான் உள்ளே ஏற முடியாமல் அவருடைய ட்ரைவ்வேயின் வாயில் ஏதாவது ஒரு கார் நிற்கும். இரண்டு முறை மனைவியைத் தெருவிலேயே இறக்கி, மழைக்குள் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்.

"அவர்களிடம் சொன்னீர்களா?" என்று தலைவி கேட்டார்.

"கார்களின் கண்ணாடியில் துண்டு எழுதிச் செருகினேன். பலமுறை."

அந்தத் துண்டுகளை நான் கண்டிருக்கிறேன். பீட்சாக் கடை விளம்பரம் என்று நினைத்து எங்கள் ஆட்கள் வாசிக்காமலே கசக்கிப் போட்டார்கள். கசங்கியவற்றைப் பொறுக்கிக் குப்பையில் போட்டவன் நான். அண்ணையைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரம் போதவில்லை. கருத்துச் சொல்ல மீதியிருப்பவர் ஒருவர், அவரை நாளை காலை கேட்போம் என்று தலைவி சொன்னார். அந்த ஒருவர் நான். இன்று மாலை நான்கு மணிக்குக் குழு இடத்தைப் பார்க்க வரும் என்றும் சொன்னார். யாரும் நிற்கத் தேவையில்லை, கேற்றைப் பூட்டாமல் விட்டால் போதும், நாங்கள் யாரோடும் பேச மாட்டோம், பார்ப்போம், போய்விடுவோம்.

நான் உடுப்பை மாற்றிக்கொண்டு இரண்டாம் மாடியைத் துடைக்கப் போனேன். மூன்றரைக்கு ரயில் எடுத்தேன். மவுண்ட் ஆல்பர்ட்டில் இறங்கி அந்தத் தெரு மூலையில் திரும்பியதும் கால் நின்றுவிட்டது.

தெருவின் இரண்டு பக்கமும் கார்கள். புல்வெளி ஓரத்தில் கார்கள். கிழவரின் ட்ரைவ்வேயை மறித்து ஒரு பெரிய வெள்ளை வான், அதற்குப் பின்னால் இன்னொரு கார். எல்லோரும் எங்கள் ஆட்கள். ஆண்கள் வேட்டியில், பெண்கள் பட்டுச் சேலையில். கேற்றடியில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்திருந்தார்கள். பன்னீர்ச் செம்பு, சந்தனம், குங்குமம். உள்ளேயிருந்து வடை பொரியும் வாசம்.

"அண்ணை, ஒருத்தரும் நிக்கத் தேவையில்லையெண்டெல்லோ சொன்னவை," என்றேன்.

"பெரிய ஆக்கள் வீட்டுக்கு வரேக்கை கேற்றைத் திறந்துபோட்டுட்டு நாங்கள் ஒளிச்சிருக்கிறதோ? அவை மரியாதைக்குச் சொன்னவை. நாங்கள் மரியாதைக்கு நிக்கிறம்."

"கார்களைப் பாருங்கோ அண்ணை."

அண்ணை பார்த்தார். அப்போதுதான் உண்மையில் பார்த்தார் என்று நினைக்கிறேன். முகம் வெளுத்தது. "எடுக்கச் சொல்லும், எடுக்கச் சொல்லும்!" என்று கத்தினார். நான் ஓடினேன். வெள்ளை வானின் திறப்பு யாரின் சட்டைப்பையில் என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் கவுன்சில் வாகனம் தெருவுக்குள் வந்து, ஊர்ந்து, நிறுத்த இடமில்லாமல் எங்களைக் கடந்து மறுமுனைக்குப் போய் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் நடந்து வந்தார்கள். பக்கத்து வீட்டு வாசலில் கிழவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தலைவி பன்னீருக்குக் கையை அசைத்து, வேண்டாம், மன்னியுங்கள் என்றார். அவருக்குப் பின்னால் வந்த மொட்டைத்தலை உறுப்பினர் எதையும் சொல்வதற்குள் அக்கா அவர் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார். அவர் அந்தப் பொட்டோடே கராஜை அளந்தார், வேலியைப் பார்த்தார், கிழவரின் ட்ரைவ்வே முன்னால் வெகுநேரம் நின்றார். வடையை அவர்கள் மூவரும் தொடவில்லை. பத்து நிமிடத்தில் போய்விட்டார்கள்.

ஆட்கள் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். அக்கா வாசற்படியில் உட்கார்ந்தார். "நாங்களே எங்கடை கையாலை மூடிப்போட்டம், என்ன?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். மலேசியத் தங்கச்சி வடைச் சட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார். நான் அன்றும் தட்டுகளைக் கழுவினேன். எண்பத்திரண்டு. எண்ணுவது என் பழக்கம். அடுக்கும்போது ஒன்று குறைந்தால் எங்காவது புல்லில் கிடக்கும், தேட வேண்டும். எண்பத்திரண்டு என்று வந்ததும் நான் கையைத் துடைத்துவிட்டு நின்றுவிட்டேன். வழக்கமான எண் எனக்குத் தெரியும். அது வேறு.

மறுநாள் காலை என் பெயரை வாசித்தார்கள். எழுந்து போனேன். தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் எங்கள் தேநீர்க்காரர் அல்லவா?"

"இன்றைக்கு இல்லை, மேடம்."

சிரிப்பு எழுந்தது. என் கழுத்து நனைந்துவிட்டது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: நேற்று வந்த கார்கள் சாமியைப் பார்க்க வரவில்லை, உங்களைப் பார்க்க வந்தவை. எங்கள் ஊரில் பெரியவர்கள் வந்தால் வாசலில் நிற்பது வழக்கம். வெள்ளிக்கிழமை அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை தட்டு கழுவுவது நான். முப்பத்துநான்கு தட்டு. குளிர்காலத்தில் இருபத்தெட்டு. என்னைப் போல நாலு பேர் ரயிலில் வருவோம். கார் பத்து, பதினொன்று.

மொட்டைத்தலை உறுப்பினர் முன்னால் சாய்ந்தார். "எப்போதும் எண்ணுவீர்களா?"

"எப்போதும்."

"முப்பத்துநான்குக்கு மேல் போனதே இல்லையா?" இது தலைவி.

எனக்குப் பின்னால் அண்ணை தொண்டையைச் செருமினார். அது என்ன சொல்லச் சொல்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் நிழல் எழுதிய கிழவரின் கொப்பியில் அவருக்கு உதவாத மழை நாட்களும் இருந்தன, வெயிலே இல்லை என்று எழுதியிருந்தார்.

"சிவராத்திரிக்குத் தொண்ணூறு. நவராத்திரிக்கும் அப்படி. அந்த நாட்களில் நேற்றுப் போலத்தான் இருக்கும்," என்றேன். பிறகு, யாரும் கேட்காமலே, "கண்ணாடியில் இருந்த துண்டுகளை நாங்கள் வாசிக்கவில்லை. விளம்பரம் என்று நினைத்தோம். கசக்கியதை நான்தான் குப்பையில் போட்டேன்," என்று அயல்வீட்டுக் கிழவர் இருந்த பக்கம் திரும்பிச் சொன்னேன். குழுவைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்பது விதி. தலைவி அதைச் சுட்டிக்காட்டவில்லை.

வெளியே வந்ததும் அண்ணை, "சிவராத்திரியை ஆர் உம்மட்டைக் கேட்டது?" என்றார்.

"அவ கேட்டவ, அண்ணை."

அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

குழு அன்று மதியம்வரை கதவை மூடிக்கொண்டு இருந்தது. மறுநாள் காலை நான் மறுபடி என் வேலைக்கு வந்தேன். கோப்பைகளை எடுக்க அந்த அறைக்குப் போனபோது சுவரில் இருந்த வெள்ளைப் பலகையை யாரும் துடைக்காமல் விட்டிருந்தார்கள். தெரு ஒன்று வரைந்திருந்தது. கோணல் மாணலாக, சின்னப் பிள்ளை வரைந்தது போல. கராஜுக்கு ஒரு சதுரம், கார்களுக்குப் பதினொரு சிறிய பெட்டிகள். ஒரு மூலையில் '34' என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்கள். கிழவரின் ட்ரைவ்வேயை மட்டும் சிவப்புப் பேனையால் பல முறை மேல் மேலாகக் கீறியிருந்தார்கள். கீறிய வேகத்தில் மை வழிந்திருந்தது.

ஐந்து வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் அதுவா என்று தெரியாது. படம் வரைந்து, அதைப் பார்த்துக்கொண்டு தர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவ்வளவுதானா? சிவப்புப் பேனை யார் கையில் இருந்தது? நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பலகையைத் துடைப்பதும் என் வேலைதான். துடைத்தேன். அண்ணைக்குச் சொல்லவில்லை. அக்காவுக்கும் சொல்லவில்லை.

முடிவு கடிதமாக வந்தது. வெள்ளிக்கிழமை ஆறு முதல் எட்டரை வரை நடத்தலாம். நாற்பது பேருக்கு மேல் கூடாது. திருவிழாக்களுக்கு வேறு மண்டபம் பார்க்க வேண்டும். அயலவரின் ட்ரைவ்வே எப்போதும் திறந்திருக்க வேண்டும். அக்கா கடிதத்தைச் சாமிப் படத்தின் முன்னால் வைத்தார். அண்ணை, சிவராத்திரிக்குப் பள்ளிக்கூட மண்டபம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று என்னைப் பார்த்தே சொன்னார்.

ஆனால் முடிவுக்கு எதிராக நீதிமன்றத்துக்குப் போகப் பதினைந்து வேலைநாள் உண்டு. பதினான்காம் நாள் கிழவர் மேன்முறையீடு செய்தார். மறுபடி எல்லாம் நின்றது. மறுபடி நான் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். அது முடியும்வரை பூசை வைக்க முடியாது. முடிய ஒரு வருடமும் ஆகலாம் என்றார் மலேசியத் தங்கச்சி.

நீதிமன்றம் வழக்கை எடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசிப் பாருங்கள் என்றது. கவுன்சில் கட்டடத்திலேயே ஒரு சிறிய அறை. நடுவராக ஓர் அதிகாரி. ஒரு பக்கம் கிழவர், மறுபக்கம் அண்ணை, அக்கா, தங்கச்சி. கருத்துச் சொன்னவன் என்பதால் நானும்.

கிழவர் கடிதத்தின் ஒரு வரியை விரலால் தட்டினார். "ட்ரைவ்வே திறந்திருக்க வேண்டும். சரி. யார் திறந்து வைத்திருப்பது? கடிதமா வந்து கேற்றில் நிற்கும்?"

தெருவில் கோடு போடலாம் என்றார் அதிகாரி. அறிவித்தல் பலகை வைக்கலாம் என்றார் தங்கச்சி. எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன் என்றார் அண்ணை. ஒவ்வொன்றுக்கும் கிழவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் பிடிவாதம் பிடிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் கேட்டது ஒரு கேள்விதான். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

"நான் நிற்கிறேன்," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். "உங்கள் மனைவியின் வான் வரும்வரை. ஒவ்வொரு வெள்ளியும்."

"மழை பெய்தால்?"

"குடை இருக்கிறது."

கிழவர் என்னை நன்றாகப் பார்த்தார். "தட்டு எண்ணுகிறவர்," என்றார் அதிகாரியிடம், எனக்கு ஏதோ உத்தியோகம் இருப்பது போல. அதையும் எழுத்தில் போட்டார்கள்: கூட்டம் நடத்துகிறவர்கள் ஓர் ஆளை நிறுத்த வேண்டும் என்று. அடுத்த கிழமை அவர் மேன்முறையீட்டைத் திரும்பப் பெற்றார்.

முதல் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குச் செம்மஞ்சள் நிறக் கூம்பு ஒன்றை அந்த ட்ரைவ்வே வாயில் வைத்துவிட்டு நின்றேன். கோடை, வெளிச்சம் இருந்தது. எங்கள் ஆட்கள் கார்களைத் தள்ளி நிறுத்திவிட்டு, "என்ன, பொலிஸ் உத்தியோகமோ?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். கராஜிலிருந்து மணிச் சத்தமும் தேவாரமும் வந்தன. நான் வெளியே. இதற்காகத்தான் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு பேசினேனா என்று ஒரு கணம் தோன்றியது.

கிழவர் கேற்றுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். என்னைப் போலவே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது வசதியாக இருந்தது.

"அந்த மூன்று பேரும்," என்றார் பிறகு, "கதவை மூடிக்கொண்டு உள்ளே என்னதான் செய்கிறார்கள்? நீ அங்கேதானே வேலை செய்கிறாய்."

துடைத்த பலகை நினைவுக்கு வந்தது. "நானும் வெளியேதான் நிற்பேன்," என்றேன். "கோப்பைகளை எடுக்கத்தான் உள்ளே விடுவார்கள்."

அவர் சிரித்தார். அதற்குள் வான் மூலையில் திரும்பியது. நான் கூம்பைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினேன். அது நேராக உள்ளே ஏறியது. ஜன்னலுக்குள்ளிருந்து ஓர் அம்மா மெலிந்த கையை, எனக்கென்றுதான் நினைக்கிறேன், உயர்த்திக் காட்டினார். கிழவர் நாற்காலியை இறக்கப் போனார். நான் கூம்பைக் கராஜ் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் பின்பக்கமாக உள்ளே போய்ச் சட்டைக் கையை மடித்தேன்.

அன்று முப்பத்தொரு தட்டு.